பனி பெய்யாத ஊரிலும் விமானம் வழுக்கும்! மழையில் காப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி:-

காஷ்மீரில் பனி கொட்டினால், ஸ்ரீநகர் விமான நிலைய ஓடுபாதையில் எந்திரம் விட்டு பனியை தள்ளிய பிறகுதான் விமானத்தை விடுவார்கள். நம்ம திருவள்ளூர், சென்னை பக்கம் பனிக்கட்டி கிடையாது. இங்கே ஆபத்து மழைத்தண்ணீர்தான்.

2023 டிசம்பர் 4-ந்தேதி மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர் உள்பட 4 மாவட்டங்களுக்கு விடுமுறை விடப்பட்டது. ஓடுபாதையில் வெள்ளம் தேங்கியதால் மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டு, மறுநாள் காலைதான் திறந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள் மூடிக்கிடந்தது.

வழுக்குவது ஏன்?

வேகமாக போகும்போது டயருக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் படலமாக புகுந்துவிட்டால் டயர் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் நிற்காது. விமானங்கள் இறங்கும்போது தரையில் ஒட்டும் டயர் ரப்பரும் ஈரத்தில் வழுக்கும். அதனால் அதை அவ்வப்போது சுரண்டி எடுக்கிறார்கள்.

ஊழியர்கள் வேலை

புயல் வந்தால், நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். காற்றில் உருண்டு விமானத்தில் மோதாமல் இருக்க ஏணி, பெட்டி வண்டிகளை தள்ளி கட்டிவைப்பார்கள். காற்று அசைக்காதபடி எரிபொருள் நிரப்பி எடையை கூட்டுவதும் உண்டு. மின்னல் நெருங்கினால் வேலையை நிறுத்திவிட்டு ஊழியர்கள் உள்ளே போயாக வேண்டும். வெட்டவெளியில் நின்றால் உயிருக்கே ஆபத்து. பெட்டி லேட்டாக வருகிறதே என்று பயணிகள் கோபப்பட்டு பயனில்லை.

பைக்குக்கும் இதே கதைதான்

நைட் ஷிப்டு முடிந்து ஜி.என்.டி. ரோட்டில் பைக்கில் திரும்புகிறவர்களுக்கும் இதே கணக்குதான். டயர் மொட்டையாக இருந்து, தேங்கிய தண்ணீரில் வேகமாக போனால் வண்டி மிதக்கும். மழைக்கு முன்பே டயரை பாருங்க. தண்ணீரை கண்டதும் சட்டென்று பிரேக் அடிக்காமல், முன்னாடியே வேகத்தை குறையுங்க.