சேவையகத்தில் ஜாவாஸ்கிரிப்ட்

பிற கணினிகள் வேண்டுவனவற்றை வலையமைப்பின் வழியே வழங்கி நிற்குங் கணினியைச் சேவையகம் என்பர். வேண்டுவோர் கையில் இருப்பது உலாவி. உலாவியிற் பெருவழக்குடைய மொழி ஜாவாஸ்கிரிப்ட். நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் 1995 ஆம் ஆண்டு மே மாதத்திற் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை ஆக்கினார். 1997 இல் எக்மா என்னும் தரநிர்ணய அமைப்பு அதற்கு விதிநூல் வகுத்தது. சேவையகத்திலோ ஜாவா, பைதன், ரூபி, பிஎச்பி எனப் பல மொழிகள் வழங்குகின்றன. இவ்வாறு வேறொரு மொழியில் எழுதப்பட்ட சேவையகச் செய்நிரல், தன்னுள்ளே ஜாவாஸ்கிரிப்டை இயக்குதல் எற்றுக்கு? இயக்குமிடத்துப் பேணவேண்டுவன யாவை? இவையே ஈண்டு ஆராயப்படுவன.

ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதினோர் கைப்பட்டு நூல்களிற் பாடபேதங்கள் புகுந்தமையை நாம் அறிவோம். செய்நிரலிலும் அந்நிலை உண்டு. இணையப் படிவமொன்றை ஒருவர் நிரப்பும்பொழுது, பிழையை உடனே சுட்டுதற்பொருட்டு உலாவி அதனைச் சோதிக்கின்றது. ஆயின் உலாவி நிரப்புவோரின் ஆட்சிக்குட்பட்டது. அதிலுள்ள நிரலை அவர் மாற்றவுங் கூடும். ஆதலின் சேவையகம் உலாவியின் சொல்லை நம்பிவிடலாகாது. தானுஞ் சோதித்தே ஏற்றல் வேண்டும். எனவே ஒரே விதி ஈரிடத்தும் வேண்டப்படுகின்றது. அதனை ஓரிடத்து ஜாவாஸ்கிரிப்டிலும் மற்றோரிடத்துப் பைதனிலும் எழுதினால், ஒரு நூலுக்கு இரண்டு ஏடுகள் உண்டாகின்றன.

பரீட்சைப் புள்ளிகளின் சராசரியை முழுவெண்ணாக்கும் விதியை உதாரணமாகக் கொள்வோம். சித்தியெல்லை 35 என்க. மாணவன் ஒருவன் பெற்ற சராசரி 34.5. ஜாவாஸ்கிரிப்டின் ‘மத்.ரவுண்ட்’ என்னுஞ் சார்பு அரையை மேனோக்கித் தள்ளும், விடை 35. பைதன் 3 இல் உள்ள ‘ரவுண்ட்’ என்னுஞ் சார்பு அரையை அண்மையிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுசெல்லும், விடை 34. மாணவன் திரையிற் சித்தியெய்தினான், பதிவேட்டில் எய்திலன். இரண்டு விடைகளும் தத்தம் மொழியின் இலக்கணத்திற்கு இயைந்தனவே. குறை, ஒரு விதியை இருமுறை எழுதியதன்கண் உள்ளது. திகதியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு: ஜாவாஸ்கிரிப்டின் திகதிப் பொருள் ஜனவரியை 0 என எண்ணும், பைதன் 1 என எண்ணும்.

இதற்குப் பரிகாரம், விதியை ஜாவாஸ்கிரிப்டில் ஒருமுறை எழுதி, அவ்வொரு பாடத்தையே உலாவியும் சேவையகமும் இயக்குமாறு செய்தலாம். அதற்குரிய வழிகள் இரண்டு.

முதலாவது, ஜாவாஸ்கிரிப்டைத் தனிச் செயலாக இயக்குதல். 2009 இல் றையன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. சேவையகச் செய்நிரல் வினாவை அனுப்பும். அயலில் இயங்கும் நோட் விடையைத் திருப்பும். அயற்செயல் வீழ்ந்தாலும் தலைமைச் செய்நிரல் வீழ்வதில்லை. ஆனால் ஒவ்வொரு வினாவுக்கும் புதிதாக அதனைத் தொடக்குவது காலவிரயம். ஆகையால் அதனை ஓயாது இயங்கவிட்டு வினாக்களை அனுப்புதலே நன்று.

இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் பொறியைச் செய்நிரலினுள்ளேயே பதித்தல். 2008 இல் கூகிள் வெளியிட்ட வி8, 2019 இல் வெளிவந்த சிறிய பொறியாகிய குவிக்ஜேஎஸ் ஆகியன இவ்வகையிற் பதித்தற்குரியன. இவ்வழியில் விடை விரைந்து கிட்டும். ஆனால் பொறி பழுதுறின் முழுச் செய்நிரலும் பழுதுறும்.

பொறியைத் தெரிதற்கு ஜாவாவின் வரலாறு ஒரு படிப்பினை. நெற்ஸ்கேப்பில் 1997 இல் தொடங்கப்பட்ட றைனோ என்னும் பொறி, 2006 இல் ஜாவா 6 உடன் சேர்த்து வழங்கப்பட்டது. 2014 இல் ஜாவா 8 வந்தபோது நாஸ்ஹோர்ன் அதனிடத்தைப் பெற்றது. அப்பெயர் ஜேர்மன் மொழியிற் காண்டாமிருகத்தைக் குறிக்கும், றைனோவும் அதுவே. 2015 முதல் ஜாவாஸ்கிரிப்டின் விதிநூல் ஆண்டுதோறும் புதுக்கப்பட்டு வருகின்றது. அவ்வேகத்திற்கு ஈடுகொடுத்தல் அரிதாயிற்று. ஆதலின் 2020 இல் ஜாவா 15 இலிருந்து நாஸ்ஹோர்ன் நீக்கப்பட்டது. அதனை நம்பியிருந்தோர் வேறு பொறி தேடவேண்டியவராயினர். விரைவொன்றையே நோக்காது, தொடர்ந்து பேணப்படும் பொறியையே தெரிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வழி எதுவாயினும், இரு மொழிகளுக்கும் இடையிலுள்ள எல்லையிற் பெறுமானங்கள் உருமாறும். ஜாவாஸ்கிரிப்டின் பொதுவான எண்வகை 9007199254740991 வரையிலான முழுவெண்களையே ஐயமின்றித் தாங்கும். பைதனிலிருந்து 9007199254740993 என்னும் எண் அவ்வகைக்குச் சென்றால் 9007199254740992 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவுந் தோன்றாது. ஆகையால் நீண்ட அடையாள எண்களை எழுத்துச் சரமாகவே அனுப்புதல் வேண்டும். பாடபேதத்தை நீக்கப் புகுந்த வழியிலே புதியதொரு பேதம் புகாதவாறு காத்தல் முக்கியமாகும்.

இனிக் காவலைப் பற்றிக் கூறுவாம். பதிக்கப்பட்ட வெறும் பொறிக்குக் கோப்பும் வலையமைப்பும் தெரியா. தலைமைச் செய்நிரல் கொடுத்தவற்றையே அது கையாளும். ஆதலின் விதிக்கு வேண்டிய பெறுமானங்களை மாத்திரமே கொடுத்தல் தகும். நோட்டிலோ கோப்புகளைத் தொடும் வசதி இயல்பாகவே உண்டு. முடிவின்றிச் சுழலும் நிரலொன்று சேவையகத்தையே முடக்கும். எனவே காலத்திற்கும் நினைவகத்திற்கும் எல்லை வகுத்தல் வேண்டும். பிறர் எழுதித்தரும் நிரலாயின், பொறியின் காவலொன்றே போதாது. இயக்கமுறைமையின் காவலோடு கூடிய தனிச் செயலில் அதனை வைத்தலே தக்கது.

எல்லா இடத்தும் இம்முறை வேண்டுமோ எனின், வேண்டாம். ஓரிரு வரியில் அடங்கும் விதியை இருமொழியிலும் எழுதி, எல்லைப் பெறுமானங்கள் கொண்ட ஒரே சோதனைப் பட்டியலால் இரண்டையும் ஒப்புநோக்கின் அமையும். விதி நீண்டு, அடிக்கடி மாறுவதாயின் ஒரு பாடமே சிறந்தது. உயர்தர வகுப்பிற் பைதன் பயிலும் நம் மாணவர் 34.5 என்னும் எண்ணை ஈரிடத்தும் இட்டுப் பார்ப்பாராக. அரைப் புள்ளி சிறிதேயாயினும் அது ஒருவனது சித்தியைத் தீர்மானிக்கக்கூடியது. எந்த இயந்திரம் கணித்தது என்பதைப் பொறுத்து அத்தீர்ப்பு மாறுதல் முறையன்று.