மூன்று வாரமாகக் குரல் கம்மலா? தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எப்படி வேலை செய்கிறது?

"தொண்டை கட்டியிருக்கு, எல்லாம் தூசுதான்." அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் இப்படிச் சொல்லிவிட்டு மிளகுப்பாலும் பனங்கற்கண்டுமாக நாளைக் கடத்துபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது சளிதான். ஆனால் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் கட்டாயம். குரல்நாணில் வரும் புற்றுநோய், சிறிதாக இருக்கும்போதே குரலை மாற்றித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தக் கட்டத்தில் பிடிபட்டால் பலருக்குக் கதிர்வீச்சு மட்டுமே போதும், குரலும் தங்கும். முற்றிய நோய்க்கு ஒரு காலத்தில் குரல்வளையையே அகற்றினார்கள். 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அதை மாற்றியது. கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை காப்பாற்றப்பட்டது. உயிர் பிழைப்பதிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அவர்கள் பின்தங்கவில்லை.

முதலில் வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையில் முகத்துக்கு அளவெடுத்து முகமூடி செய்வார்கள். தலை அசையாமல் இருக்கத்தான் அது. கதிர், செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. நல்ல செல் அதை ஓரளவு சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் மொத்தம் 66 முதல் 70 கிரே அளவை, தினம் 2 கிரே வீதம், வாரம் 5 நாளாகப் பிரித்து ஏழு வாரம் வரை தருகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். நடுவில் நாட்கள் விட்டுப்போனால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகும், பலன் குறையும். மூன்றாவது வாரத்தில் தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்கவே வலிக்கும்போது, ஆவடியிலிருந்து தினமும் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கோ, பஸ் மாறி அடையாறுக்கோ போவது லேசுப்பட்ட காரியமல்ல. "ரெண்டு நாள் கழிச்சுப் போலாம்" என்று தோன்றும். அப்போது வீட்டார் விடக்கூடாது. ஆறிய கஞ்சி, மோர், வலி மருந்து, தேவைப்பட்டால் மூக்கு வழிக் குழாய் என்று சமாளிக்க வழி இருக்கிறது. சொத்தைப் பல்லை மட்டும் சிகிச்சைக்கு முன்பே கவனித்துவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. வெளியிலிருந்து தரும் இந்தக் கதிர் உடம்பில் தங்காது. அன்று மாலையே பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.