கையில் காசில்லையா? எழுத்தாளர் தன்னைத் தெரியப்படுத்த என்ன வழி?

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ உட்கார்ந்து எழுதுகிறவருக்குச் சென்னைப் பத்திரிகைகளில் ஆள் தெரியாது. விளம்பரத்துக்குக் காசும் கிடையாது. அப்போ என்ன செய்யலாம்?

பக்கத்து ஊர் உதாரணம்

எஸ்.ராமகிருஷ்ணனும் இதே கரிசல் காட்டு மல்லாங்கிணற்றுக்காரர்தான். முழுநேர எழுத்தாளர். தன் பெயரிலேயே இணையதளம் வைத்துத் தொடர்ந்து எழுதுகிறார். அவருடைய உரைகள் யூடியூப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018 சாகித்ய அகாடமி விருது பெற்ற அவரது 'சஞ்சாரம்' நாவல், கரிசல் மண்ணின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. சொந்த ஊர்தான் சரக்கு.

எங்கே தொடங்குவது?

நெசவு, மல்லிகை, வறண்ட கண்மாய் என ஏதாவது ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். மூன்று நல்ல கட்டுரைகளை இலவச வலைப்பூவில் போட்டு, அந்த லிங்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முதல் மெயில் வரை எல்லா இடத்திலும் கொடுங்கள். ஆசிரியருக்கு 'வாய்ப்பு தாங்க' என்று எழுதுவதைவிட, ஐந்து வரியில் ஒரு கட்டுரை யோசனையை அனுப்புவது மேல்.

புத்தகம் போடணுமா?

அமேசான் கிண்டில், பிரதிலிபி இரண்டிலும் தமிழில் வெளியிடக் கட்டணம் இல்லை. 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் மின்னூல்களை இலவசமாக வெளியிடுகிறது.

இதில் உஷார்!

கிண்டிலின் இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேணும்னா 'கேடிபி செலக்ட்'டில் சேர வேண்டும். இல்லையென்றால் 35 சதவீதம்தான். சேர்ந்திருக்கும் காலம்வரை அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸிலோ, கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் எது பேருக்கு, எது காசுக்கு என்று வெளியிடும் முன்பே பிரித்து வையுங்கள்.