கிளிதெரோ கோட்டை

கிளிதெரோ கோட்டை என்பது இங்கிலாந்தின் வடமேற்கே லங்காசயரில், கிளிதெரோ நகரில் அமைந்துள்ள ஒரு சிறிய நடுக்காலக் கோட்டை ஆகும். நகரின் நடுவே உயரும் சுண்ணாம்புப் பாறை மேட்டின் மீது இது நிற்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள நோர்மானியக் கற்கோபுரங்களுள் மிகச் சிறியனவற்றில் இதன் கோபுரமும் ஒன்று. இன்று இது நகர மக்களின் பொது உடைமையாகும்.

கோபுரம்

இக்கோபுரம் 12ஆம் நூற்றாண்டில், இப்பகுதியை ஆண்ட டி லேசி குடும்பத்தினரால் கட்டப்பட்டது எனக் கருதப்படுகிறது. சுவர்கள் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கற்களால் ஆனவை. சீராகச் செதுக்கப்பட வேண்டிய மூலைகளுக்கு மட்டும் மணற்கல் பயன்படுத்தப்பட்டுள்ளது. பகைவர் எளிதில் நுழையாதிருக்க, வாயில் தரைமட்டத்தில் அல்லாமல் முதல் மாடியில் வைக்கப்பட்டிருந்தது. கூரையும் மாடித் தளங்களும் இப்போது இல்லை. உள்ளே நின்று பார்த்தால் இதன் பரப்பு ஒரு பெரிய அறையின் அளவே உள்ளது. பெரும்படை தங்குவதற்கான இடமன்று இது. சுற்றுப்புற நிலங்களை ஆளும் நிர்வாக மையமாகவே கோட்டை பெரிதும் விளங்கியது.

சுவரில் உள்ள துளை

கோபுரத்தின் ஒரு பக்கத்தில் பெரிய துளை ஒன்று உண்டு. அருகிலுள்ள பென்டில் குன்றிலிருந்து சாத்தான் எறிந்த பாறையால் அது உண்டானது என்பது உள்ளூர்க் கதை. உண்மைக் காரணம் அரசியல் சார்ந்தது. ஆங்கிலேய உள்நாட்டுப் போரில், 1644இல், அரசர் தரப்புப் படை சிறிது காலம் இங்கே தங்கியிருந்தது. மீண்டும் எவரும் இதை அரணாகப் பயன்படுத்தாதிருக்க, 1649இல் கோட்டையைச் சிதைக்குமாறு நாடாளுமன்றம் ஆணையிட்டது. துளை அப்போது ஏற்பட்டது எனக் கருதப்படுகிறது.

நினைவிடம்

1660இல் முடியாட்சி மீண்டபின், இரண்டாம் சார்லசு இக்கோட்டையைத் தளபதி சார்ச் மங்குக்கு அளித்தார். பின்னர் இது பிரபுக் குடும்பங்களின் வழியே கைமாறி வந்தது. முதல் உலகப் போரில் கிளிதெரோவைச் சேர்ந்த 260 வீரர்கள் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாக, 1920இல் நகர மக்கள் 9,500 பவுண்டு நன்கொடை திரட்டிக் கோட்டையையும் சுற்றியுள்ள நிலத்தையும் விலைக்கு வாங்கினர். பல ஊர்களில் நினைவுத்தூண் மட்டுமே எழுப்பப்பட்டது. இங்கோ கோட்டை வளாகம் முழுவதுமே பொதுப்பூங்காவாக விடப்பட்டது. தலை தாழ்த்தி நிற்கும் படைவீரன் சிலையும் வளாகத்தில் உண்டு.

அருங்காட்சியகம்

கோட்டை மேலாளர் வாழ்ந்த பழைய இல்லத்தில் அருங்காட்சியகம் இயங்குகிறது. இது விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. நகர வரலாற்றோடு நிலவியலும் இங்கே விளக்கப்படுகிறது. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த கடல் அல்லி முதலிய உயிரினங்களின் புதைபடிவங்கள் சுற்றுவட்டாரக் கற்சுரங்கங்களில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. முதலில் இவற்றைப் பார்த்துவிட்டுக் கோபுரத்துக்குச் செல்வது நல்லது. கோட்டை நிற்கும் பாறையும் அக்கடலின் அடியில் உருவானதே.