குட்டி யானையின் அடிவயிறு

2005-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த டாடா ஏஸ் வண்டியைத் தமிழகம் ‘குட்டி யானை’ என்றே அழைக்கிறது. என் நாற்றுப்பண்ணைக்காக அத்தகைய பழைய வண்டி ஒன்றை வாங்கியபோது, புதுப் பெயின்ட்டையும் இன்ஜின் ஓசையையும் மட்டுமே கவனித்தேன். அது பிழை. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின். தேய்ந்தால் உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்துவிடுவார். சேஸிஸ் அப்படியன்று. முன்பு மீன் ஏற்றிய வண்டி அது. பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புநீர் இரும்பை அரித்திருந்தது. இற்ற பகுதிகளை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க, வாங்கிய விலையில் பாதி செலவாயிற்று. மேலே பெயின்ட் பூசி எஃப்.சி.க்குக் காட்டிவிடலாம் என்றனர் சிலர். அன்றாடம் அதை ஓட்டுபவன் என் மகன், மறுத்துவிட்டேன். பழைய வண்டி வாங்குவோர், பேரம் பேசுமுன் சிறு சுத்தியலுடன் அடியில் படுத்துச் சேஸிஸைத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் இரும்பு. மந்தமாக ஒலித்தால் துரு.