மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெயிடும் முறை

பொறிகள் யாவும் தம்மைப் பேணுவார்க்கே நெடுநாள் உழைக்கும். இவ்வுண்மைக்குச் சான்று தேடி ஆலைகளுக்குச் செல்ல வேண்டுவதில்லை. நம் கல்லூரிக் கொட்டகையில் சாய்ந்து நிற்கும் மிதிவண்டியே போதும். உக்கடத்தின் வழியே நாள்தோறும் வந்துசெல்லும் மாணவரும், தேநீர்ப் பாத்திரத்தைப் பின்னே கட்டிக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று பிழைக்கும் எளியோரும் தம் வண்டியின் சங்கிலியை நம்பியே புறப்படுகின்றனர். அது தேயின், அதனோடு பிணைந்த முன்பின் பல்சக்கரங்களும் தேய்ந்து, ஒன்றன் செலவு மூன்றன் செலவாகின்றது. சுமையோடு மேடேறும்போது அறுந்துபோயின், ஏறிச் செல்வார்க்கே இடர். ஆதலின் இச்சங்கிலிக்கு எவ்வெண்ணெயை, எவ்விடத்தில், எவ்வளவு இடுதல் தகும் என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் சங்கிலியின் அமைப்பை அறிதல் வேண்டும். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பார் 1880-ஆம் ஆண்டில் அமைத்த உருளைச் சங்கிலியே, சிற்சில மாறுதல்களோடு இன்றும் நம் வண்டிகளில் ஓடுகின்றது. இதன் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஆணியும், அவ்வாணியைச் சூழ்ந்த குழலும், குழலின்மேற் சுழலும் உருளையும் உள்ளன. கடைக்காரர் இவற்றைப் பின், புஷ், ரோலர் என்பர். ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள இடைவெளி அரை அங்குலம். சங்கிலி பல்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் மூட்டு வளைய, ஆணியானது குழலினுள் உராய்கின்றது. தேய்வு நிகழுமிடம் இதுவே. வெளியே நமக்குத் தோன்றும் தகடுகள் அன்று.

இவ்வுராய்வின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். பெடலோடு இணைந்த சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்து ஃப்ரீவீலில் 18 பற்களும், சங்கிலியில் 112 மூட்டுகளும் கொண்ட ஒரு வண்டி 10 கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். அதற்குள் ஒவ்வொரு மூட்டும், வளைதலையும் நிமிர்தலையும் தனித்தனியே எண்ணின், சற்றேறக்குறைய 2,900 முறை அசைகின்றது. மழையும் புழுதியும் படும் ஒரு சிற்றுறுப்பு இத்துணை உழைப்பது வியப்பன்றோ?

எண்ணெயிடுவது பெடல் இலேசாகச் சுழல்வதற்கே எனப் பலர் கருதுவர். அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்பைசரும் அவர்தம் குழுவினரும் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றைக் காட்டிற்று. தூய சங்கிலியொன்று தான் பெற்ற ஆற்றலில் 98.6 விழுக்காடுவரை பின்சக்கரத்துக்குச் சேர்ப்பித்தது. ஆய்வுக்கூடத்தின் தூய்மையில் எண்ணெயின் வேற்றுமை அவ்வளவில் பெரிதும் புலப்படவில்லை. எனின் எண்ணெய் எதற்கு? தேய்வைக் குறைத்தற்கும், துருவைத் தடுத்தற்கும், ஆணிக்கும் குழலுக்கும் இடைப்பட்ட நுண்ணிடத்தைத் தான் நிரப்பி மணல் புகாவண்ணம் காத்தற்குமேயாம். மணலிலுள்ள படிகக்கல் சாதாரண எஃகையும் கீறவல்லது. அஃது எண்ணெயோடு கலந்துவிட்டால் சாணைக்குழம்பாகி ஆணியை அராவும். ஆதலின் உள்ளிருக்கும் எண்ணெய் நண்பன். வெளியே வழியும் எண்ணெயோ புழுதியை அழைத்துவரும் பகைவன். இவ்வொன்றை மறவாதிருப்பின் ஏனைய விதிகளெல்லாம் தாமே விளங்கும்.

இனி எண்ணெயைத் தெரிந்தெடுக்கும் முறை. வீட்டிற் கிடைக்கும் தேங்காயெண்ணெய் இதற்கு ஏலாது. அது 24 பாகை செல்சியசுக்குச் சற்றே கீழ்ச்சென்றால் உறையத் தொடங்கும். கோயமுத்தூரின் மார்கழி விடியலில் அது கட்டிபட்டிருத்தலை யாவரும் கண்டிருப்பர். நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவிற் பிசினாகும். ஆமணக்கெண்ணெய் முதல் உலகப் போர்க்காலத்து விமான எஞ்சின்களுக்கே உதவியதாயினும், மிகக் கெட்டியானதாதலின் நுண்ணிடுக்கில் விரைந்து இறங்காது. தையல் மிஷின் எண்ணெய் எளிதில் உட்புகும். ஆயின் மழையில் விரைவில் அகலும். கிரீஸோ வெளியிலேயே தங்கிப் புழுதியைத் திரட்டும். துருவேறிய திருகைத் தளர்த்தப் பீய்ச்சும் திரவம் ஈரத்தை அகற்றுமேயன்றி நெடுநாள் நின்று காவாது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை இலவசமாகக் கிடைக்கின்றதென்று இடுவது பெருந்தவறு. அதில் உலோகத்துகளும் கரியும் அமிலமும் கலந்துள்ளன. தோலுக்கும் அது தீங்கு.

பின் எதனை இடுவது? சங்கிலிக்கென்றே விற்கப்படும் நடுத்தரக் கெட்டியுள்ள கனிமவெண்ணெயே தக்கது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே காற்று வீசிப் புழுதி பறக்கும் ஆனி, ஆடித் திங்கள்களில் இலேசான வகையையும், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சற்றுக் கெட்டியான வகையையும் கொள்ளுதல் நலம்.

இடும் முறையாவது: வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பழந்துணியால் சங்கிலியைப் பற்றிக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி அழுக்கைத் துடைத்தெடுக்கவும். அழுக்கு மிகுந்திருப்பின் துணியில் சிறிது மண்ணெண்ணெய் நனைத்துக்கொள்ளலாம். அருகில் நெருப்பு ஆகாது. முற்றும் உலர்ந்தபின், கீழ்ப்பக்கமாக ஓடும் சங்கிலியின் உட்புறத்தில், ஒவ்வோர் உருளையின் மீதும் ஒரு துளியே இடவும். பூட்டுக் கண்ணியில் தொடங்கினால் சுற்று முடியுமிடம் தவறாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எவ்வாறோ அவ்வாறே அத்துளியும் இடுக்கினுள் தானே ஊர்ந்து செல்லும். அதற்கு நேரம் வேண்டுமாதலின் மாலையில் இட்டு இரவெல்லாம் விட்டுவைத்தல் நன்று. காலையில் வேறொரு துணியால் வெளிப்புற எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடல் வேண்டும். பலர் கைவிடுவது இவ்விறுதிச் செயலையே. ஆயினும் முதற் செயலினும் இஃது இன்றியமையாதது. மழையில் நனைந்த வண்டிக்கு அன்றே ஈரம் துடைத்து எண்ணெயிடுக.

சங்கிலி தேய்ந்ததை அளவுகோலால் அறியலாம். புதிய சங்கிலியில் ஓர் ஆணியின் நடுவிலிருந்து 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்தால் சங்கிலியை மாற்றுக. எட்டில் ஒரு பங்கு மிகும்வரை விடுத்தால் பல்சக்கரங்களும் பழுதுபட்டிருக்கும். தமிழ்நாட்டரசு மேனிலைப்பள்ளி மாணவர்க்கு விலையில்லாது வழங்கும் மிதிவண்டிகளைப் பெற்ற இளையோர்க்கு இவ்வளவையைக் கற்பித்தல் நம் மாணவர் ஆற்றத்தக்க ஓர் எளிய தொண்டாகும்.

இன்னுமொன்று. கழுவிய மண்ணெண்ணெயையும் அழுக்கெண்ணெயையும் சாக்கடையில் ஊற்றலாகாது. இலண்டனிலுள்ள கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெய் ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பை அமைதியுறச் செய்ததைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1774-இல் எழுதி வெளியிட்டார். நொய்யலின் நீரைத் தாங்கும் உக்கடம் பெரியகுளத்தின் மருங்கில் வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அழுக்கெண்ணெயைப் புட்டியில் அடைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் பணிமனையிற் கொடுத்தலே முறை.

மாணவ நண்பர்காள்! திங்களுக்கு இருமுறை அரைமணி நேரமும், ஒரு பழந்துணியும், 112 துளி எண்ணெயும் செலவிடின் நும் வண்டி பல்லாண்டு பிழையாது ஓடும். அளவோடு இடுக, இட்டதைத் துடைக்க மறவற்க.