பேச்சு ஆங்கிலத்தில் பெண்பால் விளிகள்: சால்ட் லேக் வழக்கும் மொழிபெயர்ப்பும்

கொல்கத்தாவின் கீழ்ப்புறத்தே அமைந்த சால்ட் லேக் எனும் விதான்நகரின் ஐந்தாம் பிரிவில், அயல்நாட்டு வாடிக்கையாளரோடு தொலைபேசியில் ஆங்கிலம் பேசும் அழைப்பு மையங்கள் உள்ளன. வங்காளியர் தெருவில் அறிமுகமற்ற பெண்ணைத் 'தீதி' (அக்கா) என்பர். இவ்விளி மணநிலையை வினவுவதில்லை. 'பௌதி' (அண்ணி) என்பதோ மணமானவர் என்னும் கருத்தை உட்கொண்டது. பேச்சு ஆங்கிலத்திற்கு மாறியதும் இத்தெளிவு மறைகிறது. அம்மயக்கத்தின் ஒலியியல் காரணமும் மொழிபெயர்ப்பாளர்க்கு அது தரும் இடர்ப்பாடும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

ஆங்கிலத்தின் 'மிஸ்', 'மிஸஸ்' ஆகியவை 'மிஸ்ட்ரஸ்' என்னும் ஒரே சொல்லின் குறுக்கங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை 'மிஸஸ்' மணநிலையைவிடச் சமூகத் தகுதியையே பெரிதும் சுட்டிற்று. மணநிலை சுட்டாத மூன்றாம் வடிவம் 1901இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர இதழொன்றில் முன்மொழியப்பட்டது. 1970களில் பெண்ணுரிமை இயக்கத்தால் பரவிய அதனை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1986இல்தான் ஏற்றது. எழுத்தில் அது எம், எஸ் என்னும் இரண்டே எழுத்துகள். ஒலிப்பில், 'மிஸ்' என்பதினின்றும் ஈற்று உரசொலியால் மட்டுமே வேறுபடும்: 'மிஸ்' என்பதன் ஈறு ஒலிப்பிலா உரசொலி, புதிய வடிவின் ஈறு ஒலிப்புடை உரசொலி.

சிக்கல் இங்கேதான் தோன்றுகிறது. அவ்வொலிப்புடை உரசொலி தமிழில் ஒலியன் அன்று. வங்க நெடுங்கணக்கிலும் அதற்கெனத் தனியெழுத்து இல்லை. ஜகர எழுத்தே அதனையும் சுமக்கிறது. ஆகவே இருமொழியாளர் பலர் வாயில் இரண்டும் 'மிஸ்' என ஒன்றுபடுகின்றன. மணநிலையை மறைக்கவே படைக்கப்பட்ட சொல், மணமாகாதவர் என அறிவிக்கும் சொல்லாகக் கேட்கிறது! அமெரிக்கத் தென்மாநிலங்களிலோ 'மிஸஸ்' என்பதே அப்புதிய வடிவைப் போலக் குறுகி ஒலிப்பதுண்டு. மறுமுனையிலிருப்பவர் மூன்றில் எதனைச் சொன்னார் என அறுதியிடல் அரிது.

'மிஸஸ்' பெயரின்றித் தனித்து விளியாதல் பொதுவழக்கன்று. 'மிஸ்' தனித்தும் வரும். பிரித்தானியப் பள்ளிகளில் மணமான ஆசிரியையும் மாணவர்க்கு 'மிஸ்'தான்; நம் பள்ளிகளிலும் அவ்வாறே. அன்றியும், ஆங்கில மரபில் இவ்வடைகள் குடும்பப்பெயரை வேண்டுவன. குடும்பப்பெயர் வழங்காத தமிழரிடையே 'மிஸஸ் ராமன்' எனின், ராமன் என்பது கணவரின் இயற்பெயர். 'கீதா மேடம்' என்னும் நம் வழக்கு அவரது இயற்பெயரையே முன்வைத்து இத்தொல்லையைக் கடக்கிறது. அதனைப் பிழையெனத் திருத்துவோர் அதன் பயனை நோக்குவதில்லை.

ஆங்கில வாக்குமூலம் ஒன்றின் ஒலிப்பதிவைத் தமிழாக்குவார், 'மிஸ்' எனக் கேட்டதைச் 'செல்வி' என எழுதின், மூலத்தில் இல்லாத ஒரு செய்தியை ஆவணத்தில் சேர்த்தவராவார். சொத்துரிமை வழக்கில் அது சிறு பிழையன்று. 'திருமதி' என எழுதினும் இதே குறைதான். சிங்கப்பூர்த் தமிழில் 'திருவாட்டி' வழங்கினும், அதனருகே 'குமாரி'யும் நிலவுவதால் அது முற்றும் பொதுமையுற்றதாகத் தெரியவில்லை. நம்மிடம் ஏற்கெனவே உள்ள 'அவர்கள்' பால், மணநிலை இரண்டையும் சுட்டாதது. ஈற்றொலி ஐயத்திற்கிடமாயின், படர்க்கையில் பெயரையடுத்து 'அவர்கள்' என எழுதலாம். முன்னிலை விளிக்கு இது பொருந்தாது; அவ்விடத்து 'அம்மா' அல்லது 'மேடம்' என்பதே இயல்பு.